வருகைக்குப் போட்ட கையெழுத்து

“…போயிட்டு வர ஒரு பகல் முழுக்க ஆகுது. இங்கன கட்டினா வாரத்துக்கு ஒருக்க அவன் மொகத்தப் பாப்பேன். என் பேர மட்டும் அடிச்சிருங்க, அண்ணாச்சி” என்றாள் அந்தப் பெண், வேறு யாருக்கும் கேட்காத குரலில். கிராம சபைக் கூட்டம் கலைகிற நேரம். பதிவேடு என் மடியில் இருந்தது.

அவள் மகன் வெளியூரில் விடுதியில் தங்கி ஐடிஐ படிக்கிறான் என்றுதான் தெரு முழுக்க நம்பியிருந்தது; நானும்தான். வண்ணார்பேட்டைத் துணிக்கடையில் நாளெல்லாம் நின்றே வேலை பார்க்கிறவள் அவள். பையன் ஓர் அடிதடி வழக்கில் சிக்கி, எங்கேயோ தூரத்தில், சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறான் என்பது அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது.

அன்றைய கூட்டமே அப்படி ஓர் இல்லத்தைப் பற்றித்தான். எங்கள் ஊர்ப் புறம்போக்கில் அதைக் கட்டப் போகிறார்கள் என்றதும் ஊர் கொதித்தது.

“பள்ளிக்கூடத்துக்குச் சுத்துச்சுவர் கட்டத் துட்டு இல்லையாம். களவாணிப் பயலுவளுக்கு மாளிகையா, வே?” என்றார் ஒருவர்.

“மூணு வேளையும் சோறுல்லா போடுதான்! எம் பேரனையும் சேத்துக்கிடச் சொல்லும்” என்றார் இன்னொருவர். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

சர்ச் தெரு டீச்சர் ஒருவர் மட்டும் எழுந்து, “அதுகளும் பிள்ளைங்கதானே ஐயா” என்றார்.

“காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, டீச்சரம்மா. அதுக்காக ஊர் நடுவுல கூடு கட்ட விட முடியுமா?” என்று பதில் வந்தது. பழமொழி என்றால் எனக்கு உயிர். நானும் தொடையில் தட்டிச் சிரித்தேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்துக்கு வருகிறவர்கள் நுழையும்போதே கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்; முடிந்த பிறகு எவரும் நிற்க மாட்டார்கள். மேலே காலியாக விட்ட இடத்தில் தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்வோம். என் எழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று அந்த வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். ‘இல்லம் வேண்டாம்’ என்று எழுதி உரக்க வாசித்தேன். கீழே அவள் பேரும் கிடந்தது. வாசலில் பேனாவை நீட்டி, “வருகைக்குத்தாம்மா, சும்மா போடு” என்று சொன்னவனும் நானே.

பேனாவின் மூடியைத் திறந்தேன். ஊராட்சித் தலைவர் பார்த்துவிட்டார்.

“என்ன வே, எதை அடிக்கப் போறீரு?”

“ஒரு பேரு…”

“யார் பேரு? எதுக்கு?”

செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். பதிவேட்டின் பக்கத்தில் நின்றவள் அவள் ஒருத்திதான்.

“ஏன் தாயி, அந்தப் பயலுவ இங்கன வரணும்னு சொல்லுதியா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. எத்தனையோ பேருக்கு ஆறுதலாக இதைச் சொல்லியிருக்கிறேன். அன்று அவளுக்காக ஒரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் என்னைப் பார்க்கவில்லை.

“அடிக்கச் சொல்லலய்யா. கையெழுத்து சரியா விழல, அதான்” என்றாள். என் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். குனிந்து, தன் பேரின் மேலேயே இன்னொரு முறை அழுத்தி எழுதினாள்.