பாதாம் இல்லாமல், தயவுசெய்து

மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர் அவர். "இது தெளிவா, அது தெளிவா?" என்று காலையிலிருந்து மாலை வரை கேட்டுக் கேட்டு, வீட்டில் சட்டை எடுக்கும்போதுகூட அதையே கேட்பார். ஐம்பத்தெட்டு வயதில் அவர் பிரெஞ்சு கற்க உட்கார்ந்ததைக் கடையில் யாரும் நம்பவில்லை.

காரணம் அவர் மனைவி. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண விருந்தில் குழம்பை இரண்டு வாய் சாப்பிட்டார். அதில் முந்திரியை அரைத்து ஊற்றியிருந்தார்கள். உதடு வீங்கி, தொண்டை அடைத்து, மண்டபத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "முந்திரி, பாதாம் எதுவும் இனி வாயில் படக்கூடாது. அடுத்த தடவை இவ்வளவு நேரம் கிடைக்காது" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து அந்த அம்மாள் வெளியே பச்சைத் தண்ணீர் மட்டும்தான் குடித்தார். எந்த விசேஷத்துக்குப் போனாலும் கையில் டிபன் டப்பா. "ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடும்?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அவர் சிரித்துவிட்டு டப்பாவைத் திறப்பார். இருபத்திரண்டு வருடமாக அவர் தட்டில் இன்னொருவர் பரிமாறியதே இல்லை. இது கணவருக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

பிரெஞ்சு பேசும் ஊரில் வேலை பார்க்கும் மகள், அப்பா அம்மா இருவரையும் வரச்சொல்லி டிக்கெட் அனுப்பினாள். "அங்கயும் நானே சமைச்சுக்கறேன்" என்றார் மனைவி. கணவர் மகளுக்குத் தனியாகப் போன் செய்தார்.

"ஹோட்டல்ல உக்காந்து சாப்பிடறதுக்கு என்னென்ன சொல்லணுமோ, எல்லாத்தையும் பேசி அனுப்பும்மா."

"நான்தான் கூட வருவேனேப்பா?"

"நீ பகல்ல ஆபீஸ் போயிடுவே. நான் கூட்டிட்டுப் போகணும் உங்கம்மாவ."

மகள் கேள்வியையும், பரிமாறுபவர் சொல்லக்கூடிய பதிலையும் சேர்த்தே பதிவு செய்து அனுப்பினாள். உள்ளே நுழைந்ததும் வணக்கத்துக்கு 'பொன்ழூர்'. இரண்டு பேருக்கு ஒரு மேஜை வேண்டுமானால் 'உய்ன் தாப்ல் பூர் தே'. எது கேட்டாலும் கடைசியில் 'ஸில் வு ப்ளே', அதாவது தயவுசெய்து. பில் வேண்டுமென்றால் 'லாதிஸியோன்'. முக்கியமான வாக்கியம் இது: 'மா ஃபாம் எ அலெர்ஜிக் ஓ ஃப்ரூயி ஆ கோக்' – என் மனைவிக்கு முந்திரி, பாதாம் வகையறா ஒத்துக்கொள்ளாது. முதலில் அவர் புத்தகத்தைப் பார்த்து வெறும் 'நுவா' என்றுதான் மனப்பாடம் செய்திருந்தார். "அப்பா, அப்படிச் சொன்னா அவங்க வால்நட்ட மட்டும்தான் நினைப்பாங்க" என்று மகள் திருத்தினாள்.

மூன்று மாதம் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உருப்போட்டார். பதில்கள் வரும்போது மட்டும் போனைத் தள்ளிவைத்துவிட்டுக் கேள்வியை மறுபடி சொல்லிப் பார்ப்பார். மனைவி காய் நறுக்கிக்கொண்டே, "தொண்டை கட்டிக்கப் போகுது, போதும்" என்பார்.

அந்த ஊருக்குப் போன நான்காம் நாள் மதியம், மகள் வீட்டுத் தெருமுனையில் இருந்த சின்ன உணவகத்துக்குள் நுழைந்தார்கள். மனைவியின் கைப்பையில் அவசர ஊசி இருந்தது. டிபன் டப்பாவும் இருந்தது. பரிமாறும் பெண் வந்ததும் கணவர் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது மாதிரி அந்த வாக்கியத்தைப் பிசிறில்லாமல் சொன்னார்.

அங்கேதான் வினை. இவருக்குப் பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு என்று நினைத்துவிட்ட அந்தப் பெண், பதிலை மடமடவென்று கொட்டினாள். அவருக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. சங்கடத்தில் தலையாட்டி, "உய், உய்" என்றார். ஆமாம், ஆமாம்.

மனைவி அவர் முழங்கையைப் பிடித்தார். "எதுக்கு ஆமான்னு சொல்றீங்க? மீனுக்கு ஊத்தற சாஸ்ல பாதாம் இருக்குங்கறா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவெக்னா இருக்குன்னு அர்த்தம். ஸான்னா இல்லாம. அமாந்த்னா பாதாம். மூணு மாசமா நம்ம பொண்ணு காதுல ஓதிக்கிட்டே இருந்தாளே. நீங்கதான் பதிலக் கேக்கவே இல்ல."

பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, மெல்ல, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்: "ஸான் ஸோஸ். ஸான் அமாந்த். ஸில் வு ப்ளே."

அந்தப் பெண் உள்ளே போனாள். சமையல்காரரே வெளியே வந்தார். கையில் கழுவித் துடைத்த வாணலி. அதை மேஜையருகே நீட்டிக் காட்டி, இதில்தான் தனியாகச் சமைப்பேன் என்று சைகை செய்தார். அந்த அம்மாள் வாணலியை உற்றுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

மீனும் அவித்த உருளைக்கிழங்கும் வந்தன. மனைவி ஒரு துண்டை வாயில் வைத்தார். கணவர் தன் தட்டைத் தொடவே இல்லை. மனைவியின் உதட்டையும் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் மூஞ்சியப் பாத்தா வயிறு நிறையுமா? ஆறிப் போகுது, சாப்பிடுங்க."

"நல்லா இருக்கா?"

"உப்பு கம்மி." இன்னொரு துண்டு எடுத்தார். "ஆனா நான் சமைக்கல பாருங்க. அந்த ருசியே தனி."

கணவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். கண்ணையும்தான்.

திரும்பி நடக்கும்போது கேட்டார்: "நம்ம ஊர்லயே இப்படிக் கேட்டுச் சாப்பிட்டிருக்கலாமே. ஏன் இத்தன வருஷம் கேக்கல நீ?"

மனைவி டிபன் டப்பா இருந்த கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "நம்ம பாஷையில கேட்டா, அவங்க சலிச்சுக்கறது நமக்குப் புரியும்ல? ஒருத்தருக்குத் தொந்தரவா இருக்கறது ரொம்பக் கஷ்டங்க. அந்தக் கல்யாணத்தன்னிக்கே எல்லாருக்கும் தொந்தரவு கொடுத்தாச்சுன்னு நெனச்சுட்டேன்."

"எனக்கு நீ தொந்தரவா?"

பதிலுக்கு அவர் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். நடுத்தெருவில் அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

ஊர் திரும்பிய மறுவாரம், கண்ணாடிக் கடைக்கு எதிரே இருக்கும் உணவகத்தில் அந்த அம்மாளே முன்னால் போய் நின்றார். "முந்திரி, பாதாம் எனக்கு ஆகாது. எதுல எல்லாம் போடறீங்க?" என்று கேட்டார். கல்லாவில் இருந்தவர் கொஞ்சம் சலித்துக்கொள்ளத்தான் செய்தார். அந்த அம்மாள் அசையாமல் நின்று, பதிலை முழுக்கக் கேட்டுக்கொண்டு, பிறகு கணவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.