விடாக்கண்டன்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் வைஃபையைக் கட்டி மேய்ப்பவருக்கு எல்லாரும் வைத்த பேர் 'பூட்டு அண்ணன்'. சும்மாவா வைப்பார்கள்? ஒவ்வொரு போனுக்கும் எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு முகவரி உண்டு. ஊழியர்களுடையது அத்தனையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். தெரியாத முகவரி ஒன்று தலைநீட்டினால் மனுஷன் ஈவு இரக்கம் பார்க்கமாட்டார், பூட்டிவிடுவார்.

"பேரை யாரு வேணா மாத்திக்கலாம். முகவரியைப் பாருங்க" என்பார். திரையில் முகவரிக்குப் பக்கத்திலேயே போனுக்கு வைத்த பேரும் வரும். அதைப் பார்ப்பதையே அவர் எப்போதோ விட்டுவிட்டார்.

ஒரு காலத்தில் ஆசை ஆசையாகப் பார்த்தவர்தான். மனைவிக்கு அதே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. கல்யாணமான புதிதில் அவள் தன் போனுக்கு, இங்கிலீஷ் எழுத்தில், 'சாப்டீங்களா' என்று பேர் வைத்தாள். மதியம் அது திரையில் வந்து நிற்கும். இவர் தனியாகச் சிரித்துக்கொள்வார்.

இப்போது வீட்டில் பேச்சே இல்லை. ஒரு விசேஷத்தில் நாலு பேர் முன்னால், "உனக்குப் போனைப் பத்தி என்ன தெரியும், சும்மா இரு" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். சாப்பாடு மேசைக்கு வந்தது, சட்டை மடித்து வந்தது, வார்த்தை மட்டும் வரவில்லை. இறங்கிப் போக இவருக்கும் வீம்பு. இதற்கிடையில் அவளை வேறு ஊர்க் கிளைக்கு மேற்பார்வையாளராகக் கூப்பிடுகிறார்கள் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டார். போனால் போகட்டும் என்று வாய் சொன்னது. மனசு சொல்லவில்லை.

அந்த வாரம்தான் ஒரு புது முகவரி உள்ளே வந்தது. பூட்டினார். அது விடவில்லை, விடிந்ததிலிருந்து திரும்பத் திரும்ப வந்து முட்டியது.

"சரியான விடாக்கண்டனா இருக்கானே! நான் கொடாக்கண்டன்டா" என்று திரையைப் பார்த்துச் சவால்விட்டார்.

ஒருநாள் மதியம் சலவைப் பிரிவுக்காரி ஒருத்தி வந்து நின்றாள். "அண்ணே, அக்கா இன்னைக்கு மாற்றலுக்குக் கையெழுத்துப் போடப் போறாங்க. உங்ககிட்ட கேட்டுக் கேட்டுப் பாத்தாங்களாம், நீங்க பதிலே சொல்லலியாம்."

"எங்க கேட்டா? வாயே திறக்கலியே!"

"புதுப் போன் வாங்கினாங்கல்ல, அதுலதானாம்."

புதுப் போன்! அட கடவுளே. புதுப் போன் என்றால் புது முகவரி. பதறிப்போய் விடாக்கண்டனைத் தேடி எடுத்தார். பக்கத்துக் கட்டத்தில், அதே இங்கிலீஷ் எழுத்தில், 'போகட்டுமா' என்று இருந்தது. கேட்டவளை வாசலிலேயே நிறுத்திப் பூட்டியிருக்கிறார், பாவி மனுஷன். யாருக்குப் போனைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று இப்போது தெரிந்தது.

பூட்டைத் திறந்தார். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம், ஆனால் அவள் கேட்ட இடத்திலேயே பதில் சொல்ல வேண்டும்போல் இருந்தது. மருத்துவக் கருவிகளின் வைஃபை தனி, அதைத் தொடவில்லை. மற்றவர்களுக்கான வைஃபையின் பேரை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தார்: 'போகாதே'. இனி அந்தப் பேரைத் தொட்டால்தான் யாரும் உள்ளே வர முடியும்.

மேசை போன் அலறியது. வரவேற்புப் பெண். "அண்ணே, என்ன பேர் இது? வீட்டுக்குக் கிளம்புற நோயாளிங்க எல்லாம் பயப்படுறாங்க!"

"கொஞ்சம் பொறும்மா, என் வீட்டு விஷயம்" என்றார். வைத்ததும் போன் மறுபடி அலறத் தொடங்கியது.

எத்தனையோ போன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அவர் கண் ஒரு முகவரிக்கு மட்டும் காத்திருந்தது. கையெழுத்துப் போட்டிருப்பாளோ? வருவாளா?

விடாக்கண்டன் வந்தான். இந்த முறை முகவரியை விட்டுவிட்டுப் பேரைப் பார்த்தார்.

'சாப்பிட வாங்க.'

பூட்டு அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அலறுகிற போனை அலறவிட்டு எழுந்து போனார்.