கொள்ளிடம் பாலத்திலிருந்து ஒரு வீடியோ கால்

எங்கள் பத்திரிகையில் அச்சுப் பக்கங்கள் குறைந்ததும் நிருபர்களை மறுபடியும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தில்லை நகரில் ஒரு மாடி அறையில் வகுப்பு. பாடம் எடுத்த பெண் என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள். இத்தனை வருஷம் செய்தி எழுதிய எனக்கு, போனில் பொய்யைக் கண்டுபிடிக்க இவள் சொல்லித் தருவதா என்று எனக்குக் கடுப்பு.

அன்று சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை வீட்டார் லால்குடியிலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டி வர வேண்டும். மதியம் வகுப்பில் இருக்கும்போது அண்ணன் கூப்பிட்டார். பாலம் உடைந்துவிட்டதாக வீடியோ வந்திருக்கிறதாம். மாப்பிள்ளையின் தாய்மாமா, வாடகைக்குப் பேசிய பஸ்ஸே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். கல்யாணத்தைத் தள்ளிப்போடலாமா என்றுகூடப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அண்ணன் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். செம்மண் வெள்ளத்தில் ஒரு பாலம் சரிகிறது. பின்னால் ஒருத்தர், “கொள்ளிடம் பாலம் போயிருச்சுங்க, யாரும் வராதீங்க” என்று கத்துகிறார். அச்சு அசல் நம்ம ஊர்ப் பேச்சு. ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டிருந்த நேரம் வேறு. எங்கள் சித்தப்பா மாதிரியே பேசுகிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? நானே ஒரு நிமிஷம் நம்பினேன்.

வேறு வழியில்லாமல் பாடம் எடுத்த அந்தப் பெண்ணிடம் காட்டினேன். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள் என்றாள். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். அக்கரையில் நின்ற பஸ்ஸின் பலகை மலையாளத்தில் இருந்தது. எங்கேயோ எடுத்த படத்துக்கு எவனோ நம்ம ஊர்க் குரலை ஒட்டியிருக்கிறான், படுபாவி.

“இது பொய், அறிவு வேண்டாமா?” என்று கல்யாண குரூப்பில் சுடச்சுடத் தட்டிவிட்டேன். விஷயம் இன்னும் கெட்டுப்போனது. கல்யாணம் நின்றுவிடக் கூடாதென்று பெண் வீட்டார் மழுப்புகிறார்கள் என்று தாய்மாமா பதில் போட்டார். பாடம் எடுத்த பெண் என் போனை எட்டிப் பார்த்தாள்.

“பொய்னு சொல்லாதீங்க மேடம். பாலம் இருக்குன்னு காட்டுங்க.”

ஆட்டோ பிடித்துப் பாலத்துக்கே போனேன். கைப்பிடிச் சுவரோரம் நின்று தாய்மாமாவுக்கு வீடியோ கால் போட்டேன். கோபத்தை விழுங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போனை மெல்லத் திருப்பினேன். கீழே தண்ணீர் நிறையப் போனது. பாலத்தில் லால்குடி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு என்னைத் தாண்டியது. தாய்மாமா, “சரிம்மா, கிளம்புறோம்” என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இருட்டுவதற்குள் வந்துவிட்டார்கள். அழைப்பு முடிந்து நான் சாப்பிடப் போகும்போது தாய்மாமா போனும் கையுமாக எதிரே வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

“நாளைக்கு திருச்சி பூரா கரண்ட் இருக்காதாம், இப்பதான் மெசேஜ் வந்துச்சும்மா. குரூப்ல போடறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தேன்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பசியை மறந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“உட்காருங்க. ரெண்டு பேருமா பார்ப்போம்.”