திருப்பி மாட்டிய ஹெட்ஃபோன்

மேசைக்கு அடியில் தலையை விட்டு, தரையில் மல்லாந்தபடியேதான் பேசுவார். வெளியே தெரிவது ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் ஒரு கையும் மட்டும். கை நீண்டால் டார்ச்சைக் கொடுக்க வேண்டும். தாமதித்தால் உள்ளிருந்து வசவு வரும். வசவு நமக்கல்ல, ஒயரை அப்படி முறுக்கிக் கட்டிவிட்டுப் போன முகம் தெரியாத யாருக்கோ.

ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் இந்த அம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. எல்லா மாடியிலும் அவர் பெயர் மிளகாய். அது அவருக்கும் தெரியும். போனை எடுத்தால், "மிளகாதான் பேசறேன், என்ன ரிப்பேரு?" என்பார். பையில் எப்போதும் பல்குத்தும் குச்சி இருக்கும். ஹெட்ஃபோன் சொருகும் துளையைக் குடைந்து, வந்த பஞ்சைக் காட்டி, "பாருங்க, அரைத் தலகாணி" என்பார். பழுதுக்கு மனிதர்மேல் பழி போட்டால் மட்டும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "மெஷினைத் திட்டுனா அது அழாது. அதான் மனுஷங்களத் திட்டறாங்க."

போன மாதம் ஒரு காலை, டைப்பிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் கீபோர்டு மாற்றப் போனார். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்யும் நோய்க்குறிப்புகளை ஹெட்ஃபோனில் கேட்டு அடிக்கிற இடம் அது. இருபத்திரண்டு வருடமாக அங்கே அடித்து வந்த மூத்த டைப்பிஸ்ட், சுவரோரம் நின்று தாள்களைக் குண்டூசியால் கோத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று மிளகாய் கேட்டார்.

"எனக்கு வலது காது போயிடுச்சும்மா."

மூன்று வாரமாக வலப்பக்கம் ஒன்றுமே கேட்கவில்லையாம். இடப்பக்கம் டாக்டரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் முணுமுணுக்கிறதாம். குறிப்புகளில் ஓட்டை விழுந்தது. கம்ப்யூட்டரைப் பார்க்கச் சொல்லி மூன்று சீட்டு எழுதிக் கொடுத்தார். யாரும் வந்து பார்க்காமலே மூன்றும் 'சோதித்தாயிற்று, சரியாக உள்ளது' என்று திரும்பின. பிரிவுத் தலைவர், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று எல்லோர் முன்னும் சிரித்துவிட்டு, அவரைக் கீழ்த்தள ஃபைல் அறைக்கு மாற்றும் உத்தரவை எழுதிவிட்டார். காது டாக்டர் இருப்பது அடுத்த மாடியில். போய்க் காட்டினால் உண்மையாகிவிடுமோ என்று பயந்து டைப்பிஸ்ட் போகவே இல்லை. வீட்டில் போனைக்கூட இடது காதில்தான் வைக்கிறார்.

மிளகாய் அவரை, அவர் இத்தனை வருடம் உட்கார்ந்து அடித்த நாற்காலியிலேயே உட்கார வைத்தார். அன்று காலை அந்த இடத்துக்கு வந்திருந்த புதுப் பெண் சொல்லாமலே எழுந்து வழிவிட்டிருந்தாள்.

"ஹெட்ஃபோனத் திருப்பி மாட்டுங்கக்கா. வலதை இடதுல."

டைப்பிஸ்ட் மாட்டினார். முகம் மாறியது.

"இப்ப எந்தப் பக்கம் கேக்கல?"

"இடது."

"அப்ப ரெண்டு காதும் நல்ல காது. மூணு வாரமா இதைச் சொல்ல இந்தக் கட்டடத்துல ஒருத்தருக்கும் வாய் வரல."

மிளகாய் தன் ஹெட்ஃபோனைச் சொருகிப் பார்த்தார். அதிலும் அதே கதை. ஆக, கோளாறு கம்ப்யூட்டருக்குள். திரையில் ஒலி அமைப்பைத் திறந்தார். இடப்பக்கம் நூறு, வலப்பக்கம் பூஜ்யம். டாக்டரின் மைக் பதிவாவது வலப்பக்கத்தில்; இடப்பக்கம் கேட்டது அதன் கசிவு மட்டும். மூன்று வாரத்துக்கு முன் புது மென்பொருள் ஏற்றியவர் அந்த அளவைக் கலைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

உடனே சரிசெய்யவில்லை. பிரிவுத் தலைவரைக் கூப்பிட்டு, ஹெட்ஃபோனை அவர் தலையில் மாட்டினார். தலைவர் இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, "வலது பக்கம் ஒண்ணும் கேக்கலையே" என்றார்.

"அப்ப உங்களுக்கும் கீழ ஃபைல் ரூம்ல ஒரு நாற்காலி போடச் சொல்லவா சார்?"

அறை முழுக்கத் தட்டச்சுச் சத்தம் நின்றது. இதெல்லாம் தனக்கு எப்படித் தெரியும் என்று தலைவர் முனகினார்.

"தெரிய வேணாம் சார். கூடம் கோணல்னு அவங்க மூணு வாட்டி எழுதிக் குடுத்தாங்க. நிஜமாவே கோணல்."

அதோடு ஆறவில்லை அவருக்கு. சீட்டுகளைக் கேட்டு வாங்கினார். மூன்றிலும் இருந்த கையெழுத்து, அவர் பிரிவிலேயே பக்கத்து மேசைக்காரருடையது. பேனாவை எடுத்து, 'சரியாக உள்ளது' என்பதை மூன்றிலும் கோடு கிழித்து அடித்துவிட்டு, 'யாரும் வந்து பார்க்கவில்லை. தவறு எங்கள் பிரிவினுடையது' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். தலைவர் அந்தச் சீட்டுகளைப் படித்தார். மேசையிலிருந்த மாற்றல் உத்தரவை எடுத்து நான்காகக் கிழித்தார்.

வலப்பக்கத்தையும் நூறுக்கு ஏற்றிவிட்டு, மிளகாய் ஹெட்ஃபோனை டைப்பிஸ்டிடம் நீட்டினார். அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஓர் எழுத்துகூட அடிக்காமல் ஒரு குறிப்பை முழுசாகக் கேட்டார். புதுப் பெண் உயரமானவள். காலையில்தான் இருக்கையைத் தன் அளவுக்கு ஏற்றியிருந்தாள். டைப்பிஸ்டின் கால்கள் அந்தரத்தில் தொங்கின. மிளகாய் மண்டியிட்டு நாற்காலிக்கடியில் கையை விட்டு, அந்தப் பாதங்கள் தரையில் படியும்வரை இருக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்.