முகத்துவாரம் வெட்டிய நாள்

நாலு மணிக்குக் கப்பல். பன்னிரண்டரை மணிக்கு நாங்கள் எண்ணூர் முகத்துவாரத்தின் வடகரையில் நின்றிருந்தோம். ரயிலடி தென்கரையில். காலையில் முகத்துவாரத்தை அடைத்துக் கிடந்த, நாங்கள் செருப்புப் போட்டு நடந்துவந்த மணல்மேட்டின் நடுவே இப்போது ஆறு ஓடியது.

நான் ராயபுரத்தில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டியவன். கையெழுத்துப் போடவே எனக்கு நாக்கு வெளியே வரும். நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள். கப்பலில் வருகிறவர்களுக்கு யாரும் சீந்தாத பழைய கட்டடம், கல்லறை, கடலோர நடை எல்லாம் காட்டுவது என் உபதொழில். கல்வெட்டு படிக்கத் தெரியாததால் கதைக்குப் பஞ்சமே வந்ததில்லை.

அன்று வந்தவர்கள் பினாங்கு சோமு சாரும் அவர் மனைவியும். பெட்டிகள் முன்னாலேயே கப்பலுக்குப் போய்விட்டன. முகத்துவாரம் தாண்டி, வெள்ளைக்காரன் காலத்து இடிந்த பங்களா ஒன்று உண்டு. அங்கே ஒரு தொட்டியைக் காட்டி, "கவர்னர் குளிச்ச தொட்டி சார்" என்றேன். அது மீனுக்கு உப்புப் போடும் தொட்டி என்று பிற்பாடு தெரிந்தது. சார் தொட்டு வேறு கும்பிட்டார்.

காலையில் மணல்மேட்டில் ஏழெட்டுப் பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். அவர்களில் ஏழுமலை என்பவர் கேட்டார்: "இன்னா நைனா, எப்ப திரும்புவீங்க?"

கமிஷனுக்கு அடி போடுகிறார் என்று நினைத்தேன். "அத்த தெரிஞ்சிகினு நீ இன்னா பண்ணப்போற? என் கிராக்கிய நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் மண்வெட்டியை மணலில் குத்திவிட்டு உட்கார்ந்தார்.

இப்போது அதே ஏழுமலை எதிர்க்கரையில் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இன்னாடா முழிக்கிற? காலைல வாயி அவ்ளோ நீளம் இருந்திச்சே! அத்தப் போட்டுத் தாண்டி வா!"

சார் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏம்ப்பா, கப்பலை விட்டா அடுத்தது பதினஞ்சு நாள் கழிச்சுத்தான். என் வேலையே போயிடும்!"

அவர் மனைவி, "இவனை நம்பி வந்தோமே, நம்மளைச் சொல்லணும்" என்றார்.

"அண்ணாத்தே, தப்பாப் பேசிட்டேன். இவங்களயாவது கரை சேத்துடு" என்று கத்தினேன்.

முகத்துவாரத்தில் தண்ணீரின் இழுப்பு அதிகம். ஏழுமலை, கடலை விட்டு உள்ளே தள்ளி, தண்ணீர் அமைதியாக இருந்த இடத்துக்கு எங்களை நடக்கச் சொல்லிவிட்டு, படகோடு வந்தார். நீச்சல் தெரியாத நான் சாரின் மனைவி கையைப் பிடித்துக்கொண்டேன், அவருக்குத் தைரியம் சொல்கிற மாதிரி.

கரை ஏறியதும்தான் அவர்களுடைய குப்பத்தைப் பார்த்தேன். முந்தின நாள் மழைத் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் வீடுகளுக்குள் புகுந்திருந்தது. அதை வடிக்கத்தான் மேட்டை வெட்டியிருக்கிறார்கள். ஏழுமலையின் மனைவி அடுப்பிலிருந்து சேற்றை வழித்துக்கொண்டிருந்தார்.

"காலைலயே வெட்டியிருக்கலாமே அண்ணாத்தே?"

"நீங்க மூணு பேரு அந்தாண்ட போனீங்களே. உச்சி வெயில் வரைக்கும் ஒங்க தல தெரியுதான்னு பாத்துகினு இருந்தோம். அதுக்கு மேல வூடு தாங்கல. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருந்தா, அத்தக் கணக்கு பண்ணி வெட்டியிருப்போம்."

சார் கப்பலைப் பிடித்துவிட்டார். மூன்றேகாலுக்கு.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். போகிற இடத்தில் இருக்கிறவர்களிடம் எத்தனை பேர், எப்போது திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். நான் அதன்பின் தவறியதே இல்லை. ஒருநாள் கரையில் ஆளே இல்லை. படுத்திருந்த நாயிடம், "நாலு பேரு, ரெண்டு மணிக்கு வந்துடுவோம்" என்று சொல்லிவிட்டுத்தான் மணலில் கால் வைத்தேன்.