அண்ணன் சொன்ன ஒரு பொய் விளக்கம்

அண்ணனின் நினைவாக வரும் இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் முதலில் ஒன்றை அறிய வேண்டும். விருதுநகரில் ஓர் ஆண்டு அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலின்போது நடந்த குறுக்கெழுத்துப் போட்டியில், உறைக்குள் இருந்த சரியான விடைத்தாளை எடுத்துவிட்டுத் தவறான ஒன்றை வைத்தவன் நான். அந்தத் தவறான விடைக்கு மேடையில் நின்று விளக்கம் சொன்னவர் என் அண்ணன். அவர் தெரிந்தே சொன்ன பொய் அது ஒன்றுதான் என்று நம்புகிறேன். அதை மறைத்துவிட்டு அவருடைய நேர்மையைப் புகழ்ந்து எழுத எனக்குக் கை வரவில்லை.

அண்ணன் பிறந்தது இருக்கன்குடிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமத்தில். ஐயா இறந்தபோது அவர் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தார். அம்மா எங்கள் இருவரையும் விருதுநகருக்கு அழைத்து வந்தார். அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு மிளகாய் வத்தல் மண்டியில் எடை போடச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் தரகு பேசும் அளவுக்கு உயர்ந்தார். மதுரையில் நான் படித்த கல்லூரிப் படிப்பும் ஆசிரியர் பயிற்சியும் அந்த மண்டி உழைப்பில் வந்தவை.

மண்டி முதலாளி விலைவாசிப் பக்கத்துக்காக ஓர் ஆங்கில நாளிதழ் வரவழைத்தார். அந்தப் பக்கத்தை உருவிக்கொண்டு மீதியை அண்ணனிடம் தள்ளிவிடுவார். மீதியில் குறுக்கெழுத்து இருந்தது. தொடக்கத்தில் அண்ணனுக்கு ஒரு குறிப்பும் பிடிபடவில்லை. மறுநாள் விடை வந்ததும், அதைக் கையில் வைத்துக்கொண்டு குறிப்பை நோக்கித் திரும்பி வருவார். எந்தச் சொல் பொருளைத் தருகிறது, எந்தச் சொல் எழுத்தைத் தருகிறது, எது சும்மா ஆளை ஏமாற்ற நிற்கிறது என்று பிரித்துப் பிரித்துப் பார்ப்பார். அப்படித்தான் கற்றுக்கொண்டார். மண்டியில் கையைத் துண்டால் மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். துண்டுக்கு அடியில் விரல் விலையைச் சொல்லும். குறிப்பும் அப்படித்தான் என்பார் அண்ணன்.

பிறகு தமிழிலேயே குறிப்புகள் செய்தார். எடைக்குக் காத்திருக்கும் விவசாயிகளிடம், எங்கள் பக்கத்துப் பேச்சில் சம்சாரிகளிடம், "சமுத்திரத்தைக் கொறிக்கலாம், மூணு எழுத்து" என்று போடுவார். ஆளுக்கொன்று சொல்வார்கள். சமுத்திரம் என்றால் கடல், சமுத்திரத்தை என்றால் கடலை, கொறிப்பதும் கடலை என்று அவர் விளக்கும்போது மூடை தூக்குகிறவர்கள்கூட நின்று சிரிப்பார்கள். கவிதையின் தலை போனால் முளைக்கும் என்பார், அது விதை. யாராவது விடையை மட்டும் சொல்லிவிட்டு மார் தட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"விடையை யாரு வேணாலும் சொல்லலாம்யா. ஏன்னு சொல்லணும்."

அந்தச் சம்சாரிகளில் ஆமத்தூர்க்காரர் ஒருவர் இருந்தார். வானம் பார்த்த நிலம் கொஞ்சம் வைத்திருந்தார். வண்டியிலிருந்து வத்தல் மூடையை இறக்கியதும் விலை கேட்க மாட்டார். இன்றைக்கு என்ன குறிப்பு என்றுதான் கேட்பார். விலையை அண்ணன் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை. அவருடைய மனைவி ஊரிலிருந்து வெகுதூரம் நடந்து ஒரு தீப்பெட்டிக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தார்.

எங்கள் தெருப் படிப்பகத்தில் ஒவ்வொரு பங்குனிப் பொங்கலுக்கும் குறுக்கெழுத்துப் போட்டி வைத்தோம். கட்டத்தை நான் அமைப்பேன். கூப்பன்களைச் சிவகாசி அச்சகம் ஒன்று தீப்பெட்டி லேபிள் அடித்து மிஞ்சிய தாளில் அடித்துத் தரும். பின்பக்கம் பாதிக் கிளியோ பாதி மயிலோ இருக்கும். விடைத்தாளை உறையிலிட்டு அரக்கு வைப்போம். பொங்கலன்று அண்ணன் மேடையேறி உறையைப் பிரித்து, ஒவ்வொரு விடையையும் ஏன் என்று விளக்குவார். அதற்கு முன் விடைத்தாளைப் பார்க்க மாட்டார். பரிசை விட அவருடைய விளக்கத்தைக் கேட்கத்தான் கூட்டம் வரும்.

நான் சொல்லும் ஆண்டில் ஒரு சைக்கிள் கடைக்காரர் பரிசாகப் புதுச் சைக்கிள் தந்தார். ஆமத்தூர்க்காரர் மண்டிக்கு வரும்போதெல்லாம் படிப்பக வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் போவார். அது கிடைத்தால் மனைவியைக் கம்பெனியில் கொண்டுபோய் விடலாம் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தார்.

அப்போது நான் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியர். அந்தக் கல்வியாண்டு முடிவில் யாரை நிரந்தரமாக்குவது என்பது பள்ளிச் செயலாளரின் கையில் இருந்தது. பொங்கலுக்கு முந்தைய நாள் பிற்பகல் படிப்பகத்தில் தனியாக உட்கார்ந்து கூப்பன்களைத் திருத்தினேன். எல்லாம் சரியாக இருந்தது ஆமத்தூர்க்காரரின் கூப்பன் ஒன்றுதான். ஒரே ஒரு விடையைத் தவறவிட்ட கூப்பனும் ஒன்று இருந்தது. அது செயலாளருடையது.

அவர் தவறவிட்ட குறிப்பு இது: கடல் தொடங்க, தலையிழந்து விரும்பு, ஆலைக்குப் போகும். நான்கு எழுத்து. கடலின் தொடக்கம் க, விரும்பு தலையிழந்தால் ரும்பு, சேர்த்தால் கரும்பு. செயலாளர் இரும்பு என்று எழுதியிருந்தார். இரும்பும் ஆலைக்குப் போவதுதான். ஆனால் குறிப்பில் இருக்கும் கடலுக்கு அங்கே வேலை இல்லை.

அரக்கை உடைத்தேன். இரும்பு என்று எழுதிய புதிய தாளை வைத்து மறுபடி ஒட்டினேன். செயலாளர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவருக்கு இது கடைசி வரை தெரியாது.

மறுநாள் அண்ணன் அந்தக் குறிப்புக்கு வந்ததும் விடையை வாசிக்காமல் நின்றார். தாளைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். முன்வரிசையில் அமர்ந்திருந்த செயலாளரைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். விரும்பு தலையிழந்தால் ரும்பு என்றார். ரகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. ராமனை இராமன் என்று எழுதுவதுபோல முன்னால் இகரம் சேர்த்தால் இரும்பு. கடல் என்பது கப்பலில் வந்து இறங்கும் இரும்பைக் காட்டுகிறது என்றார். கேட்டவர்கள் கைதட்டினார்கள். ருசி உருசி ஆவதுபோல ருவுக்கு முன்னால் உகரம்தான் வரும் என்று, தமிழாசிரியர் ஒருவர் கூட்டத்தில் இருந்திருந்தால் மடக்கியிருப்பார்.

ஆமத்தூர்க்காரர் பின்வரிசையில் எழுந்து நின்றார். மறுத்துப் பேசப் போகிறார் என்று நினைத்தேன்.

"நான் கரும்புன்னுல்ல போட்டேன்" என்றார். பிறகு, "அண்ணாச்சி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது அண்ணன் என்னிடம் ஒன்றுதான் சொன்னார்.

"வேலை கெடச்சா சரி. இனிமே என்னைய மேடைக்குக் கூப்பிடாதலே."

வேலை நிரந்தரமானது. பல ஆண்டுகள் கழித்து ஒரு பேச்சுவாக்கில் செயலாளர் சொன்னார், என் பெயரை அந்தப் பொங்கலுக்கு முன்பே முடிவு செய்திருந்தாராம். பரிசாகப் போன சைக்கிள் அவர் நடத்திய கடையின் பையன்கள் கையில் உருண்டு வீணாயிற்று. அண்ணன் அதன்பின் மேடையேறவில்லை. மண்டியிலும் குறிப்புப் போடுவதை விட்டார். ஆமத்தூர்க்காரர் கடைசி வரை தன் வத்தலை அண்ணனிடமே கொண்டுவந்தார். அண்ணன் அவருக்கு நல்ல விலை பேசித் தருவார். முகம் பார்த்துப் பேச மாட்டார்.

நான் தலைமையாசிரியராகி ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் ஆமத்தூருக்குப் பஸ் ஏறினேன். அவர் வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய கை நிற்கவில்லை. ஒரு சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

"இந்த முட்டியை வச்சுக்கிட்டா மிதிக்கச் சொல்லுதீக?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "சைக்கிளு கெடக்கட்டும் வாத்தியாரய்யா. அவளும் இருந்த மட்டும் கம்பெனிக்கு நடந்தே போனா, போயும் சேந்துட்டா. அண்ணாச்சி சொன்ன வெளக்கம் எனக்கு ஏறவே இல்லை. நம்ம புத்தி அம்புட்டுத்தான்னு அன்னைக்கோட எல்லாத்தையும் விட்டுட்டேன். நான் மக்குன்னுல்ல இத்தன வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

சைக்கிளைத்தான் பறித்தேன் என்று நான் எண்ணியிருந்தேன். அவரை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் அப்படி எதுவும் சொல்லவில்லை. அண்ணனைப் பார்க்க வருகிறேன் என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரமே வந்தார்.

அண்ணனுக்கு அப்போது கண் மங்கிவிட்டது. குரலை வைத்து ஆளைத் தெரிந்துகொண்டு, கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"கரும்புதான். நீங்க எழுதுனதுதான் சரி. நான் சொன்னது பொய்."

ஆமத்தூர்க்காரர் முக்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தார். மதினி கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிப்போனது. கடைசியில், "சரி, அடுத்ததைப் போடுங்க அண்ணாச்சி" என்றார்.

அன்றிலிருந்து வாராவாரம் வந்தார். இருவரும் ஒருவருக்கொருவர் குறிப்புப் போட்டுச் சண்டை பிடிப்பார்கள். தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும். அண்ணன் ஒருமுறை என்னை அழைத்து, மேடையில் சொன்னதை வீட்டுக்குள் திருத்தினால் போதுமா என்று கேட்டார். எழுதி வெளியிடுகிறேன் என்றேன். என் மாணவர்கள் எனக்குப் பாராட்டு விழா எடுக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். அது முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். விழா முடிந்தது, வேறொரு காரணம் வந்தது. அண்ணன் மறுபடி கேட்கவில்லை. சென்ற ஆண்டு காய்ச்சலில் படுத்தவர் எழவில்லை.

அவரைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்த மதினிக்கும் பிள்ளைகளுக்கும், நேரம் பாராமல் வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவருக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், காலண்டர் சீசன் நெருக்கடியிலும் இந்த மலரை அடித்துத் தந்த சிவகாசி அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஆமத்தூர்க்காரருக்கு நான் பட்ட கடன் இந்த வரிசையில் அடங்காது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். தன் பெயரைப் போட வேண்டாம் என்றார். சரியான விடை கரும்பு என்று கட்டுரையை முடித்திருந்தேன். அதைக் கேட்டுவிட்டுப் போதாது என்று தலையசைத்தார்.

"கடைசியில வெளக்கத்தையும் போடுங்க. வெறும் விடையை மட்டும் போட்டா அண்ணாச்சி ஒத்துக்கிட மாட்டாக."

கடலின் முதலெழுத்து க. விரும்பு தன் முதலெழுத்தை இழந்தால் ரும்பு. இரண்டும் சேர்ந்து ஆலைக்குப் போவது கரும்பு.