பிஸ்டனைப் பூட்டிய கை

அமிர்தநாதரோடு ஸ்காபரோவில் ஒரே மெசின் ஷொப்பில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். நல்ல மனுசன். ஆனால் ஒரு வியாதி உண்டு: எவனாவது ஒன்றைப் பிழையாகப் பூட்டினால் அவரால் பார்த்துக்கொண்டு நிற்கமுடியாது. மானேஜரின் கையிலிருந்தே ஸ்பானரைப் பறித்தவர். அந்த வியாதிதான் கடைசியில் அவரைக் கவிழ்த்தது.

வன்னியில் சைக்கிள் கடை வைத்திருந்ததாகத்தான் அகதி விசாரணையில் சொன்னார். மனைவி றீற்றாவுக்கும் அந்தக் கதைதான். உண்மையில் அவர் இயக்கத்தின் ஆயுதப் பட்டறையில் துவக்குத் திருத்தியவர். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு மட்டும் சொன்னார்.

ஏன் மறைத்தார் என்று நான் கேட்கவில்லை. றீற்றாவின் தங்கை செலீனை 2008 கடைசியில் இயக்கம் வீட்டிலிருந்து சண்டைக்கு இழுத்துக்கொண்டு போனது. அடுத்த மே மாதம் செத்துப்போனாள். துவக்கு இறுகிவிட்டது, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு கிடந்தபோதுதான் சூடு பட்டது என்று, பக்கத்தில் கிடந்து தப்பிய பிள்ளை ஒருத்தி வந்து சொன்னாளாம். ஒவ்வொரு வருடமும் நினைவுப் பூசை முடிந்து வந்து றீற்றா அதையே சொல்லுவா: "அந்தத் துவக்கைத் திருத்திக் குடுத்தவன் நாசமாப் போவான்." அமிர்தநாதர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி இருப்பார். கலியாணம் முடித்த நாளிலிருந்து பன்னிரண்டு வருடம் அப்படி இருந்தார்.

போன ஆவணியில் றீற்றாவின் சித்தி மகன் பிரசாந் ஸ்ரௌவ்வில்லில் வாங்கிய வீட்டுக்கு ஆசீர்வாதம். நானும் அவர்களின் காரில்தான் போனேன். ஃபாதர் மேலே அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருக்க, பிரசாந் எங்கள் இரண்டு பேரையும் கீழே பேஸ்மென்ருக்குக் கூட்டிப்போனான். வேட்டைக்குப் போகிறவன். துடைப்பதற்காகக் கழற்றிய எஸ்.கே.எஸ் துவக்கு ஒன்று மேசையில் கிடந்தது. அரசாங்கம் தடைசெய்த ஏ.ஆர் துவக்கு ஒன்று இரும்பு அலுமாரிக்குள் பூட்டியிருந்தது.

"ஏ.ஆர்தான் அத்தான் பெஸ்ட்," என்றான். "சுட்டவுடனை வாற காஸ் நேரா போல்ட்டுக்கைதான் போகும். பாரமில்லை, உலுப்பாது. மேசையிலை கிடக்கிற உது கிழட்டுச் சாமான்."

மனுசன் பேசாமல் நின்றிருக்கலாம்.

"காஸோடை கரியும் அங்கைதான் போகும். துடைக்காட்டி நிண்டிடும். இதிலை காஸ் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் போல்ட்டைத் தள்ளும். கரி முன்னுக்கே தங்கிடும். மண்ணுக்கை தாக்குப்பிடிக்கிறது இதுதான்."

நான் அவரின் காலை மிதித்தேன். அதற்குள் படியில் செபச் சத்தம் கேட்டது. பேஸ்மென்ரையும் ஆசீர்வதிக்க வருகிறார்கள். பிரசாந் பதறிப்போய்ப் பிஸ்டனை மாறி நுழைத்தான். அமிர்தநாதர் பறித்து, திருப்பிப் போட்டு, குழாயை வைத்து அழுத்தி, நெம்பைத் திருகி முடித்தார். துவக்கைப் பார்க்கக்கூட இல்லை, படியைப் பார்த்துக்கொண்டே பூட்டினார். படியில் மெழுகுதிரியோடு முன்னால் நின்றது றீற்றா.

ஃபாதர் தெளித்துவிட்டுப் போனார். மற்ற எல்லாரும் அவர் பின்னால் ஏறினார்கள். றீற்றா போகவில்லை. நாங்கள் மூன்று பேர் மட்டும் நின்றோம்.

"சைக்கிள் கடையிலை உதுவும் திருத்தினீங்களோ?"

"கடை இருக்கேல்லை றீற்றா."

"துவக்கு ஏன் இறுகும்?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு வருடம் சொன்னவருக்கு இன்னொன்று பாரமில்லை.

"உப்புத்தண்ணி பட்டால் பிஸ்டன் துருப்பிடிச்சு ஒட்டிடும். கடைசியிலை புதுசு ஒண்டும் வரேல்லை. பழசை உரஞ்சி உரஞ்சிப் போட்டுக் குடுத்தம்."

"செலீனுக்கும்?"

"எந்தப் பிள்ளையின்ரை கைக்கு எது போனதெண்டு தெரியாது. அவள் நிண்ட பக்கம் போனதெல்லாத்துக்கும் சரியெண்டு கையெழுத்து வைச்சது நான்தான்."

றீற்றா மெழுகுதிரியை ஊதி அணைத்தா. ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

திரும்பும்போது காரின் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டா. "முன்னுக்கு நீங்கள் இருங்கோ அண்ணை," என்றா என்னிடம். கார் மார்க்கம் நகரத்தைத் தாண்டியது. பிறகு பின்னாலிருந்து மெல்லக் கேட்டா.

"இறுகினால் கையாலை இழுத்து எடுக்கேலாதோ?"

அமிர்தநாதர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எடுக்கலாம். நல்ல பலம் வேணும்."

"அவள் முப்பத்தெட்டுக் கிலோ," என்றா றீற்றா.